ஓர் இரவில் வளர்ந்த துணி

எட்டாம் மாதம் என்றாலே எனக்குப் பயம். என் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில்தான் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. "துடிப்பு நின்றுவிட்டது" என்று டாக்டர் சொன்னார், சுவர்க் கடிகாரத்தைப் பற்றிச் சொல்வதைப்போல. காரணம் கேட்டேன். சில சமயம் காரணமே இருக்காது என்றார். காரணம் இல்லாமல் நடந்தது என்றால், காரணம் இல்லாமல் மறுபடியும் நடக்கலாம் அல்லவா? அந்த நினைப்போடுதான் இரண்டாவது குழந்தையைச் சுமந்தேன்.

கோலாலம்பூரை அடுத்த பெட்டாலிங் ஜெயா ஆபீசில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். என் ஒரு கை மேசைக்கு அடியில் வயிற்றை அழுத்திக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் அசைவு இல்லையென்றால் குளிர்ந்த ரோஸ் சிராப் தண்ணீர் குடித்துவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுப்பேன். ஒரு உதை கிடைத்தால் அரை மணி நேரத்துக்கு மனுஷி. பிறகு மறுபடியும் பேயறைந்தவள். என் கணவர் "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்பார். அவர் அயர்லாந்துக்காரர், தனியார் பள்ளியில் ஆசிரியர். அந்த ஊரில் மழை வெள்ளம் வீட்டுக்குள் வந்தாலும் அதையேதான் சொல்வார்கள் போலிருக்கிறது. அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஜனவரியில் என் மாமியார் அயர்லாந்திலிருந்து வந்து இறங்கினார். பெட்டி நிறைய கம்பளிக் காலுறைகள். கிள்ளான் வெயிலில் பெரியவர்களே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, பிறக்கப் போகும் பிள்ளைக்குக் கம்பளி! என் அம்மா அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிரிட்ஜுக்குள்ள வெச்சா வளக்கப் போறோம்?" என்று என் காதில் முனகினார். கிள்ளான் மேருவில் உள்ள எங்கள் இரட்டை மாடி வீட்டில் அம்மா ஏற்கெனவே வந்து தங்கியிருந்தார். ஆக, ஒரு வயிற்றைச் சுற்றி இரண்டு காவலர்கள்.

அம்மா ரயில்வே குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண். கான்வென்டில் ஐரிஷ் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவர். அதனால் சம்பந்தியோடு ஆங்கிலத்தில் தாராளமாகப் பேசுவார். மார்ச் மாதத்தில் பச்சைக் காகிதத்தில் மூன்றிலைகள் வெட்டி ஒட்டி, புனித பாட்ரிக் பாட்டுப் பாடியதெல்லாம் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் மாமியார் சொன்ன திருநாள் வேறு. பிப்ரவரி முதல் தேதி, புனித பிரிஜித் திருநாள். அவர்கள் ஊரில் அன்றுதான் வசந்தம் பிறக்கிறதாம். அம்மா அன்றே அந்தப் புனிதைக்குப் பெயர் சூட்டிவிட்டார்: பிரிசித்தம்மா.

"பாட்ரிக்க எனக்கு தெரியும். இந்த பிரிசித்தம்மாவ பத்தி சிஸ்டர்மாருங்க சொல்லிக் குடுக்கலியே" என்றார் அம்மா.

"கன்னியாஸ்திரீகள் எப்படிச் சொல்லுவார்கள்? இது பிள்ளை பெறுகிறவர்களின் விஷயம்" என்று மாமியார் சிரித்தார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். திருநாளுக்கு முந்தைய மாலை, ஒரு துணியை வெளியே செடியிலோ சன்னலிலோ போட வேண்டும். இரவில் பிரிஜித் அந்த வழியாக நடந்து போவார். போகிறபோது துணியைத் தொட்டு ஆசீர்வதிப்பார். விடிந்ததும் எடுத்து வைத்துக்கொண்டால் தலைவலிக்கு, தொண்டை வலிக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரசவத்துக்கு அது துணை. அவர்கள் வீட்டில், யாருக்குத் தேவையோ அவர் அந்தத் துணியை வெளியே போடுவதற்கு முன் அன்று பகல் முழுக்க உடம்பில் கட்டியிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. துணியை மாலையில் அளந்து வைத்து, காலையில் மறுபடி அளப்பார்கள். வளர்ந்திருந்தால் கட்டியவருக்கு நீண்ட ஆயுள்.

"இவன் பிறந்தபோது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது" என்று என் கணவரைக் காட்டினார் மாமியார். "என் அம்மா அந்தத் துணியை என் வயிற்றில் போட்டார். நீ நம்ப வேண்டாம். எனக்காகக் கட்டிக்கொள். நானும் பயந்துபோய்த்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்."

அதுவரை அவரை நான் கம்பளிக் காலுறைக்காரியாகத்தான் பார்த்திருந்தேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

துணி வாங்க மூவரும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போனோம். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடை வாசல்களின் ஐந்தடி நடைபாதை முழுக்கப் பூமாலையும் மஞ்சள் துணியும் பால்குடமும். எப்போதும் போகிற துணிக்கடையில், நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த முதலாளி, மல் துணி ஒன்றை மேசையில் உருட்டிவிட்டார். வெள்ளைத் துணி, கைக்குட்டையைப்போல மெல்லியது.

"பிள்ளைக்கா அக்கா? இது நல்லா மெத்துனு இருக்கும். ஒரு தடவ அலசிட்டு போடுங்க" என்று சொல்லி மாமியார் கேட்ட அளவுக்குக் கத்தரித்தார்.

"எனக்கும் கொஞ்சம் குடுங்க பாய்" என்றார் அம்மா. "பிள்ளையைச் சுத்தி வைக்க ஆகும்."

அதே சுருளிலிருந்து அம்மாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. எவ்வளவு என்று நான் கவனிக்கவில்லை. அப்போது குழந்தை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தோரணம் கட்டுகிறவரிடம் கொஞ்சம் குருத்தோலையும் வாங்கிக்கொண்டு வந்தோம். பிரிஜித் திருநாளுக்கு அவர்கள் நாணலில் சிலுவை முடைவார்களாம். கிள்ளானில் நாணலுக்கு எங்கே போவது?

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ஓலை கிழித்தார்கள். குருத்து ஞாயிறுக்கு வருஷா வருஷம் சிலுவை மடித்த கை அம்மாவுடையது. மாமியார் இரண்டு முறை பிரித்து மடித்துக் காட்டியதும் நடுவில் சதுரம் வைத்த அந்தச் சிலுவையை அம்மா பிடித்துக்கொண்டார். இருவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். துணி இரவு முழுக்க எலுமிச்சைச் செடியில் கிடக்க வேண்டும் என்று மாமியார் சொன்னவுடன் அம்மாவின் கை நின்றது.

"ராத்திரியிலயா? வெளியவா?"

"ஆமாம்."

"கேனாட், முடியாது. மாசமா இருக்கிறவ துணிய பொழுது சாஞ்சா வெளிய போடக் கூடாது. வயித்துல கட்டினத போடவே கூடாது. கண்டது எல்லாம் வாசம் புடிச்சி வரும்."

அம்மா முழுச் செபமாலையும் தப்பில்லாமல் சொல்வார். ஞாயிறு பூசை தவறாது. ஆனாலும் பொந்தியானாக் என்கிற சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்க விடமாட்டார். பிள்ளைத்தாய்ச்சியைத் தேடி வருகிற அந்தப் பேய் மலாய்க்காரர்களுடையது என்று நான் கேலி செய்தால், "பேய்க்கு ஐசி கார்டு இருக்கா, இன்ன ஜாதினு பாத்து வர்றதுக்கு?" என்பார். மாமியார், வருவது புனிதை ஒருத்தி, பேயல்ல என்றார். அம்மா, இருட்டில் யார் வருகிறார் என்று முகம் பார்த்தா விடப் போகிறோம் என்றார். என் கணவர் வழக்கம்போல எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று தொடங்கினார். நான் முறைத்ததும் மாடிக்குப் போய்விட்டார்.

அம்மாவின் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் குழந்தை அடங்கிப்போன அந்த வாரத்தில், என் நைட்டி ஒன்று இரவு முழுக்கக் கொடியில் கிடந்தது. துவைத்துப் போட்டவர் அம்மாதான். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதில் மறந்துவிட்டார். அதைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான்கு மணிக்கே எங்கள் வீட்டுக் கொடி காலியாகிவிடும். பாதி ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்து, என் துணியெல்லாம் பூஞ்சை பிடித்தது.

நான் யார் பக்கம்? படித்தவள், இரண்டையும் நம்பாதவள் என்று சொல்லிக்கொண்டு நடுவில் நின்றேன். உண்மையில் இரண்டையும் நம்பினேன். துணியை வெளியே போட்டால் ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். போடாவிட்டால், அந்தத் துணை கிடைக்காமல் போனதால்தான் என்று பிறகு அழ வேண்டி வருமோ என்றும் பயம். கடைசியில், போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். அம்மா ஓலைத் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார்.

ஜனவரி கடைசி நாள் பகல் முழுக்க அந்த வெள்ளைத் துணி என் வயிற்றில் இருந்தது. வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. மாலையில் மாமியார் அவிழ்த்து, சாண் போட்டு அளந்தார். நான்கு சாணும் மூன்று விரலும். கார் போர்ச்சில் இருந்த எலுமிச்சைத் தொட்டியில், முள்ளில் மாட்டாமல் பார்த்து விரித்துப் போட்டார். சூராவ் தொழுகைக்கூடத்திலிருந்து பாங்கு சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியம்மா, எங்களுக்கு மாக்சிக், பேரப்பிள்ளையின் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போகிறவர், செடியைப் பார்த்து நின்றார். யாருடையது என்று கேட்டார். என் வயிற்றைப் பார்த்தார். எடுத்துவிடு என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மாவைப் பார்த்தேன். அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் தன் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

விடிந்ததும் மாமியாரின் கூச்சல்தான் என்னை எழுப்பியது. இரவு உடையோடு, தலையெல்லாம் கலைந்து, துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "வளர்ந்திருக்கிறது! ஐந்து சாண்! முழுசாக ஐந்து சாண்!" என் கட்டிலில் விரித்து மறுபடியும் அளந்து காட்டினார். அவர் கண்ணில் தண்ணீர். தன் வாழ்நாளில் ஒரு விரல் வளர்ந்துதான் பார்த்திருக்கிறாராம். என் கணவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மாமியார் துணியை என் முகத்தில் வைத்தார். பனியின் ஈரத்துக்கு அடியில் தைல வாசம் அடித்தது. காலையும் மாலையும் அம்மா இடுப்பில் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம். ஓரத்தைப் பார்த்தேன். என் துணி கத்தரியால் நேராக வெட்டியது. இது கையால் கிழித்தது, நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

மல் துணி ஓர் இரவில் வளராது. அம்மா மாற்றிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது எழுதினால் சிரிப்பாக இருக்கிறது. பேய்க்குப் பயந்து, எனக்கு வர வேண்டிய ஆசீர்வாதத்தை யாரும் கட்டாத ஒரு புதுத் துணிக்குக் கொடுத்துவிட்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. சமையலறையில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். மாமியார் எதிரில் என்ன கேட்பது? விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. எழுந்ததிலிருந்து குழந்தை அசையவே இல்லை.

சிராப் குடித்தேன். இடது பக்கம் படுத்தேன். வயிற்றைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் குடித்தேன். "எல்லாம்..." என்று தொடங்கிய என் கணவர், என் முகத்தைப் பார்த்ததும் கார் சாவியை எடுத்தார்.

பிப்ரவரி முதல் தேதி கோலாலம்பூரில் அரசு விடுமுறை, கிள்ளானில் இல்லை. மேரு சாலை முழுக்கக் கண்டெய்னர் லோரிகள். ஒவ்வொன்றும் எங்களுக்கு முன்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. பின் இருக்கையில் எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மாமியார். ஒருவர் தமிழிலும் ஒருவர் ஆங்கிலத்திலும் அதே அருள்நிறைந்த மரியே செபம். முன்பு ஒரு நாள் இதே சாலையில் இதே மாதிரிதான் போனேன். அன்றும் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வயிறு கல்லாகக் கனத்தது. கடவுளே, லோரியைக் கூட நகர்த்த முடியாத நீ எனக்கு எதற்கு என்று மனசுக்குள் திட்டினேன். திட்டிய உடனே, அதற்காகவும் தண்டித்துவிடுவாரோ என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் தாதி ஒருத்தி என்னைப் படுக்கவைத்து, வயிற்றில் களிம்பு தடவி, துடிப்பு கேட்கும் கருவியை வைத்தாள். கரகர சத்தம். இடம் மாற்றினாள். கரகர. "அக்கா, ரிலேக்ஸ் பண்ணுங்க. பேபி திரும்பிப் படுத்திருக்கும்" என்றாள். அவள் முகத்தையே பார்த்தேன். போன முறையும் இப்படித்தான், முகம் முதலில் மாறும், வார்த்தை பிறகுதான் வரும். அவள் வேறொருத்தியைக் கூப்பிடப் போனாள். மாமியார் கைப்பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து என் வயிற்றின் மேல்பக்கத்தில் போட்டார்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ம்மா, அது என்னோடது இல்ல" என்றேன் தமிழில்.

"தெரியும்."

"யாரும் கட்டாத துணிய வெளிய போட்டு என்னம்மா பிரயோசனம்? யாருக்கு ஆசீர்வாதம்? அந்த எலுமிச்சைச் செடிக்கா?"

"யாரும் கட்டாததுனு யாரு சொன்னா?" அம்மாவின் குரல் சின்னதாக இருந்தது. "நேத்து காலையிலேர்ந்து நான் கட்டியிருந்தேன். கைலிக்கு உள்ள."

"ஏம்மா?"

"புதுத் துணிய போட்டா ஏமாத்துறோம்னு தெரிஞ்சிடும் பாப்பா. எதாச்சும் வந்தா மோந்து பாக்கும். என்னை மோந்து பாத்துட்டு என் பின்னால வரட்டும்னுதான் போட்டேன்."

"வந்திருந்தா?"

"எனக்கு வயசாச்சி. என்கிட்ட எடுத்துக்க என்ன இருக்கு லா."

நான் அவர் கையைப் பிடித்தேன். பிடித்தேன் என்றா சொன்னேன், நகம் பதிய அழுத்தினேன். "அப்ப அந்த பிரிசித்தம்மா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அவங்க புனிதை. நான் யாருக்காக கட்டினேன்னு அவங்களுக்கு தெரியாமயா போயிடும்?"

மூத்த தாதி வந்தாள். துணியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, கருவியை இடுப்பு எலும்புக்கு மேலே, நான் நினைத்தே பார்க்காத ஒரு மூலையில் வைத்து அழுத்தினாள். கரகர. பிறகு தையல் மிஷினை யாரோ வேகமாக மிதிப்பதுபோல ஒரு சத்தம். நிற்காமல் ஓடியது. "ஹா, இங்க ஒளிஞ்சிருக்கான்" என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. கருவியை எடுக்கவே விடாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் தேம்பி அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன் அம்மா அப்போது என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"துணி நன்றாக வளர்ந்திருக்கிறது என்றார்" என்றேன்.

அம்மா ஆங்கிலம் தெரியாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் துணி எங்கே என்று தனியாக இருந்தபோது கேட்டேன். அவர் கைப்பையைத் திறந்து காட்டினார். நேராகக் கத்தரித்த ஓரத்தோடு, செபமாலைக்கு அடியில் மடித்து இருந்தது. ராத்திரி முழுக்க வீட்டுக்குள், அவர் மடியில்தான் இருந்ததாம்.

அவன் இல்லை, அவள். மார்ச்சில் பிறந்தாள். பிரசவ வலியில் என் கையில் இருந்தது ஐந்து சாண் துணி. என் மாமியாருக்கு இன்றுவரை அந்தக் கணக்கு தெரியாது. ஊருக்குத் திரும்பி, துணி வளர்ந்த கதையைக் கோயிலிலும் கடையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஜனவரி கடைசியில் அவரிடமிருந்து செய்தி வந்தது: இந்த முறை குழந்தையின் துணியைப் போடு, பகல் முழுக்க அவள் உடம்பில் இருக்கட்டும். சரி என்று பதில் அனுப்பினேன். மெல்லிய துண்டு ஒன்றை மகளுக்கும் சுற்றினேன், இன்னொன்றை என் வயிற்றில் கட்டினேன். சாயங்காலம் என்னுடையதை அவிழ்த்து எலுமிச்சைச் செடியில் விரித்தேன். அவளுடையதை மடித்து என் மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன்.

அம்மா வாசலில் நின்று செடியைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார்.

"கதவ சாத்து. கொசு வருது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.